பின்னை முன்னே பார்க்கணும்!

நடுவர் அவர்களே, பினாங்கு மக்களே, வணக்கம். மின்பலகையில நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பி முனைதான் பின்; எந்தப் பின் எதுக்குன்னு காட்ட அச்சடிச்ச தாள் போதுமா, தொட்டா பதில் சொல்ற படம் கைப்பேசித் திரையில வேணுமான்னு தலைப்பு. தொட்டா பேசற கட்சி நம்ம கட்சி. பின்னை முன்னே பார்க்காதவன் பின்னாடி முழிப்பான்!

படிவம் நாலு படிக்கிற பையன் ஒருத்தன்னு வெச்சுக்குங்க. ராஸ்பெரி பை வாங்கியாச்சு. சந்தைப் பை இல்லீங்க, 40 பின் வெச்ச பை, ஒரே பலகையில அடங்கின குட்டிக் கம்ப்யூட்டர். ஒரு எல்.இ.டி., ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், ரெண்டு வயர். புரோகிராம்ல 17-னு இருக்கு. தம்பி மூலையிலேருந்து எண்ணி 17-ல சொருகிட்டான். எரியுது! "அம்மா, எரியுது!" அம்மா கரண்டியோட ஓடி வர்றாங்க, பாட்டி வர்றாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வந்தாச்சு. "சரிடா, அணை பார்ப்போம்." அணைன்னு எழுதறான். எரியுது. புரோகிராமையே நிறுத்தறான். எரியுது. கீபோர்டைக் கழட்டறான். நடுவர் அவர்களே, அப்பவும் எரியுது! ஆன்ட்டி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க: "அணையா விளக்குடா தம்பி!" பாட்டி மட்டும் பேசல.

ஏன் அணையல? எண்ணி வந்த 17 வெறும் 3.3 வோல்ட் சப்ளை. பலகைக்குக் கரண்டு இருக்கிறவரை எரியும். புரோகிராம் கேட்டது ஜி.பி.ஐ.ஓ. 17. ஜி.பி.ஐ.ஓ.ன்னா புரோகிராம் சொன்னபடி ஆன், ஆஃப் ஆகற பின், அதுக்குத் தனி நம்பர்; அந்த 17 உட்கார்ந்திருக்கிறது 11-வது பின்ல. தாள்லயும் ரெண்டு நம்பரும் இருக்கும், ஒட்டி ஒட்டி, ஒரே அளவுல. வம்பே அதுதான். திரையில வர்ற நல்ல படத்துல 17-னு தேடினா "எந்த 17?"னு ரெண்டையும் தனித்தனியாக் காட்டும். தம்பி தப்பிச்சான். 2-வது பின்ல இருக்கிற 5 வோல்ட்டை ஒரு ஜி.பி.ஐ.ஓ. மேல இழுத்துவிட்டிருந்தா சிப்பே போயிருக்கும். அது தாங்கறது 3.3 தான்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "தாளுக்குச் சார்ஜ் வேணாம், வைஃபை வேணாம், மீ கோரேங் சாஸ் பட்டாத் துடைச்சுக்கலாம்." நீங்களும் கைதட்டினீங்க! அண்ணே, துடைக்கும்போது 3.3-ல இருக்கிற புள்ளியும் சேர்ந்து போச்சுன்னா? 33 வோல்ட்! வைஃபை எதுக்கு? எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத எஸ்.வி.ஜி. படமா வரைஞ்சு, பின்னுக்குப் பின் தனிப் பேர் வெச்சு, விவரத்தையும் அதே ஃபைலுக்குள்ள அடைச்சுட்டா நெட் இல்லாமலே திறக்கும். பிரிண்டும் எடுக்கலாம். அதுல தாராளமா சாஸ் ஊத்திக்குங்க.

அரைகுறையாச் செஞ்ச படங்களும் உண்டு, ஒத்துக்கறேன். மவுசை மேல வெச்சாத்தான் விவரம் வரும்பாங்க. கைப்பேசியில ஏது மவுசு? பின்னுக்குப் பின் 2.54 மில்லிமீட்டர், அதே அளவுல வரைஞ்சா ஒரு விரல் மூணு பின்னை அமுக்கும். பக்கத்துப் பெயர்ப்பட்டையையும் சேர்த்து 44 பிக்சல் உயரம் குடுங்க. கரண்டு திரும்பிப் போற பின்னுக்குக் கிரவுண்டுன்னு பேரு; அதைத் தொட்டா 6, 9, 14, 20, 25, 30, 34, 39, எட்டும் பளிச்சுன்னு நிக்கணும், மத்ததெல்லாம் மங்கணும். நிறத்தை மட்டும் நம்பாம எழுத்தும் போடணும். சால்டர் வைக்கப் பலகையைக் கவிழ்த்தா இடம் வலமாயிடும். படத்தைத் திருப்பப் பட்டன் இல்லேன்னா அது நம்மளையே கவிழ்த்துடும்.

மணி அடிச்சாச்சா? ஒரு நிமிஷம் ஐயா. அந்தப் பாட்டியை விட்டுட்டோமே! 1972-ல பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தப்புறம், மைக்ராஸ்கோப்புல கண்ணைப் புதைச்சு, தலைமுடியைவிட மெல்லிசான தங்கக் கம்பியைச் சிப்புல ஒட்டின பெண்கள் எத்தனை பேர்! அவங்கள்ல ஒருத்தர் நம்ம பாட்டி. சிப்போட காலெல்லாம் அத்துப்படி. தாள்ல இருக்கிற பொடி எழுத்துதான் இப்பத் தெரியல. பேரன் கைப்பேசியை வாங்கி, ரெண்டு விரலால படத்தை விரிச்சு, 17-ஐத் தொடறாங்க.

"இது சப்ளைடா கண்ணு. முதல்ல பிளக்கைப் பிடுங்கு. அதே வரிசையில மூணு பின் முன்னாடி தள்ளிச் சொருகு."

சொருகினான். மறுபடி போட்டான். எரிஞ்சது. அணைன்னு எழுதினான். அணைஞ்சது. விளக்கு அணைஞ்சதுக்குக் கைதட்டின வீடு, நடுவர் அவர்களே, அது ஒண்ணுதான். வணக்கம்.