புள்ளைக்கு கண்ணு தெரியலன்னு புள்ளைக்கே தெரியாது

எல்லாருக்கும் வணக்கம். தலைமை உரை கொஞ்சம் நீண்டுருச்சு, எனக்கு பத்து நிமிஷம் தான்னு சீட்டு வந்துருச்சு, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

பொழுது சாஞ்சா கோழிக்கு கண்ணு தெரியாது, அதுவா வந்து அடைஞ்சிக்கும், கோழி வளத்தவங்களுக்கு தெரியும். இந்தோனேசியாவுல மாலைக்கண்ணுக்கு பேரே 'பூத்தா ஆயாம்', கோழிக்குருடுன்னு அர்த்தம். நேபாளத்துல 'ரதந்தோ'ம்பாங்க. ஊருக்கு ஊரு பேரு இருக்குன்னா ஊருக்கு ஊரு வியாதியும் இருந்துருக்குன்னு தானே. காரணம் வைட்டமின் ஏ சத்து இல்லாதது, நம்ம முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, ஈரல்ல இருக்குதே அது தான். அது குறைஞ்சா முதல்ல இருட்டுல தெரியாது, அப்புறம் வெள்ளை விழி காஞ்சு போய் சோப்பு நுரை மாதிரி திட்டு விழும், அதையும் கவனிக்காம விட்டா கருவிழி கரைஞ்சே போயிரும், அதுக்கு மேல போன பார்வைய யாராலயும் திருப்பி குடுக்க முடியாது.

1970கள் கடைசியில ஆல்ஃப்ரட் சாமர்னு ஒரு அமெரிக்க கண் டாக்டர், இந்தோனேசியாவோட ஜாவா தீவுல சில கிராமத்துல மூணு மாசத்துக்கு ஒருக்கா அதே புள்ளைங்களோட கண்ண பாத்து பாத்து எழுதி வச்சாரு. அவரு தேடுனது கண்ணு எப்படி போகுதுன்னு. ஆனா சில வருஷம் கழிச்சு அந்த நோட்ட திரும்ப கணக்கு போடும்போது தான் வேற ஒண்ணு தெரியுது, லேசா மாலைக்கண் இருந்த புள்ளைங்க நிறைய பேரு அடுத்த தடவ போறப்ப அங்க இல்ல. செத்துப்போயிருக்காங்க, மத்த புள்ளைங்கள விட சுமாரா நாலு மடங்கு. குடலு, நுரையீரல் உள்தோலுக்கும் அதே சத்து தான் காவல், அது இல்லாம வயித்துப்போக்கும் தட்டம்மையும் வந்தா ஒடம்பு தாங்கல.

அப்புறம் அதே நாட்டுல அச்சேங்குற பகுதியில 450 கிராமம், 25,000க்கு மேல புள்ளைங்க, பாதி கிராமத்துக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு வைட்டமின் ஏ கேப்சூல். சாவு 34 சதவீதம் கம்மி. 1986ல வெளியிட்டாரு, நிறைய பேரு நம்பல. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேங்க, சில்லறை காசு பெறாத கேப்சூலு, மூணுல ஒரு உயிர காப்பாத்துதாம்! சரின்னு பல நாட்டுல திரும்ப பண்ணி பாத்தாங்க, அதுல ஒண்ணு நம்ம திருச்சி மாவட்டத்துல நடந்துச்சு, இந்த ஹால்ல எத்தன பேருக்கு தெரியும்? மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லா நடத்துனது, 15,000க்கு மேல புள்ளைங்க, வாரா வாரம் சின்ன அளவு மருந்து. 1990ல முடிவு வந்துச்சு, சாவு 54 சதவீதம் குறைஞ்சிருக்கு.

இதுல மருந்து கண்டுபிடிச்சது பெரிசா, வாரா வாரம் ஒரு ஆளு போய் அந்த புள்ள வாயில ஊத்துனது பெரிசான்னு கேட்டா நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன். நேபாளத்துல 1993ல இருந்து கிராமத்து பொம்பளைங்க தான் வருஷத்துக்கு ரெண்டு தடவ குடுக்குறாங்க, அதுல எழுதப்படிக்க தெரியாதவங்களும் உண்டு, ரோடே இல்லாத மலையில. (நம்ம ஊர்லயும் ஒன்பது மாசத்துல ஆரம்பிச்சு அஞ்சு வயசு வரைக்கும் சிரப் உண்டு, நர்ஸ் கிட்ட கேளுங்க, நீங்களா வாங்கி ஊத்தாதீங்க, ஜாஸ்தியானா ஆபத்து.)

ஏன் தேடிப் போகணும்னா, பெரியவங்களுக்கு கண்ணு மங்குனா தானா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க, இல்லன்னா வீட்டுல பொலம்பவாச்சும் செய்வாங்க. புள்ள பொலம்பாது. பொறந்ததுல இருந்து மங்கலா பாக்குற புள்ளைக்கு உலகமே அப்படித்தான்னு நெனப்பு, போர்டு தெரியலன்னு சொல்லாது, நம்ம தான் மக்குன்னு பேரு வச்சிருவோம். ஒரு கண்ணு மட்டும் மங்கலா இருந்தா இன்னும் மோசம், நல்ல கண்ண வச்சு ஓட்டிரும், மூளை அந்த இன்னொரு கண்ண கண்டுக்காம விட்டுரும், ஏழு எட்டு வயசுக்குள்ள பிடிக்கலன்னா அப்புறம் சரி பண்றது ரொம்ப கஷ்டம். மாறுகண்ணுலயும் இதே கதை தான், நம்மாளுங்க அத அதிர்ஷ்டம்னு வேற சொல்லி வச்சிருக்கோம், அது எந்த அதிர்ஷ்டமோ.

சீனாவுல கான்சூ, ஷான்சி பக்கம் 252 ஸ்கூல்ல கண்ணாடி ஃப்ரீயா குடுத்து பாத்தாங்க, கணக்குல மார்க் ஏறிச்சு. ஆனா குடுத்ததுலயும் நிறைய புள்ளைங்க போடல, கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப்போகும்னு வீட்டுல சொல்றாங்களாம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

இன்னொண்ணு, ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல ஒரு கண்ணு பாப்பா மட்டும் வெள்ளையா மின்னுனா, கேமரா கோளாறுன்னு விடாதீங்க, கண்ணுக்குள்ள புத்துநோயா கூட இருக்கலாம், மறுநாளே காட்டிருங்க.

ரெண்டாவது சீட்டும் வந்துருச்சு. வெளிய வராண்டாவுல சார்ட் மாட்டி, தரையில கோடும் போட்டு வச்சிருக்கோம். புள்ளைங்களோட வந்தவங்க கோட்டுல நிக்க வச்சு ஒவ்வொரு கண்ணா மூடி படிக்க வச்சுட்டு போங்க, விரலு சந்துல பாப்பாங்க, உள்ளங்கையால மூட சொல்லுங்க.