டிஸ்க் இருக்கிறது, டிரைவர்தான் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் மகள் ஆராய்ச்சி மாணவி. அவள் ஆய்வகத்தில் இருக்கும் ஓர் அளவீட்டுக் கருவியின் மென்பொருள் விண்டோஸ் 10-இல் மட்டும்தான் ஓடும். அவளிடம் இருந்ததோ விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப். சரி, பழையதற்கே போய்விடலாம் என்று பென் டிரைவில் விண்டோஸ் 10 நிறுவியை ஏற்றி, தானே உட்கார்ந்து ஆரம்பித்திருக்கிறாள். மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது, உரிமத்துக்குச் சம்மதம் கேட்டது. அப்புறம் 'விண்டோஸை எங்கே நிறுவ வேண்டும்' என்ற திரை வந்தது. டிஸ்க்கின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை என்று கீழே ஒரு வரி.

எனக்கு போன் வந்தது. "சித்தப்பா, டிஸ்க் போயிடுச்சா?" அவளுக்குத் தெரிந்த ஒருவர் எஸ்எஸ்டியை, அதாவது லேப்டாப்பில் இருக்கும் அந்த டிஸ்க்கை, மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு எனக்கு மனசே ஆறவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புவரை அதே எஸ்எஸ்டியிலிருந்துதான் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எட்டிப் பார்க்கத் தேவையான டிரைவர், அதாவது வன்பொருளோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள், அந்த நிறுவிக்குள் இல்லை, அவ்வளவுதான். நல்ல டிஸ்க்கை யாரும் கழற்றி எறியக் கூடாது என்பதற்காகத்தான் இன்று இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

இன்டெல் 11-ஆம் தலைமுறைச் செயலிகள் 2020-இல் வந்தன. அவற்றிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்று ஓர் ஏற்பாடு சேர்ந்தது. அதற்கு முன் இது சர்வர்களில் இருந்த சங்கதி. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி நிர்வகிக்க உதவும். இது இயங்கும்போது எஸ்எஸ்டி நேரடியாக இயங்குதளத்தின் கண்ணில் படாது. செயலிக்குள் இருக்கும் விஎம்டி கட்டுப்படுத்தி முன்னால் நிற்கும், எஸ்எஸ்டி அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கட்டுப்படுத்தியோடு பேச இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவர் வேண்டும். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015-இல். அதன் நிறுவிக்கு இந்தக் கட்டுப்படுத்தியை அடையாளம் தெரியாது. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் 11-இல் தயாரிப்பாளரே டிரைவரைச் சேர்த்து அனுப்பியிருப்பார், அதனால் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001-இல். சாட்டா டிஸ்க்குகளோடு பேசுவதற்கான ஏஹெச்சிஐ முறை வகுக்கப்பட்டது 2004-இல். அதனால் எக்ஸ்பிக்கு அதை அடையாளம் தெரியாது. 2007-இல் விஸ்டாவோடு லேப்டாப் வாங்கி எக்ஸ்பிக்குத் திரும்பியவர்களுக்கு அந்த நீலத் திரையும் 7பி என்று முடியும் பிழை எண்ணும் நினைவிருக்கும். அப்போது நிறுவல் தொடங்கியதும் சில விநாடிகளுக்குள் எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் கொடுக்க வேண்டும். ஃபிளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்பில் என்ன செய்வது? டிரைவரை எக்ஸ்பி சிடிக்குள்ளேயே கலந்து புது சிடி எழுதிக்கொண்டோம். 2009-இல் வந்த விண்டோஸ் 7-உம் இப்படித்தான், 2011-இல் வகுக்கப்பட்ட என்விஎம்இ முறையில் இயங்கும் எஸ்எஸ்டியைத் தானாக அறியாது. ஃபிளாப்பி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்டெல் இன்னும் இந்த டிரைவரை எஃப்6 டிரைவர் என்றே அழைக்கிறது. தேடும்போது அந்தப் பெயர் உதவும்.

இனி செய்ய வேண்டியது. பழைய விண்டோஸுக்குப் போகும் எண்ணம் வந்த அன்றே, இருக்கும் விண்டோஸை அழிப்பதற்கு முன்பே, டிரைவரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். இன்டெல் ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர் என்று இருந்து, அதன் பின்னால் ஒரு நான்கெழுத்துக் குறி இருக்கும். 9ஏ0பி என்றால் 11-ஆம் தலைமுறை, 467எஃப் என்றால் 12-ஆம் தலைமுறை. அந்தக் குறியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பக்கத்தில் ஆர்எஸ்டி டிரைவரை இறக்குங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இறங்குவது பெரும்பாலும் இஎக்ஸ்இ கோப்பாக இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் விண்டோஸ் நிறுவி திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு வேண்டியது ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் என்று முடியும் கோப்புகள். இன்டெல் தரும் செட்டப்ஆர்எஸ்டி கோப்பாக இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைத் திரையில் அதன் பெயருக்குப் பின் ஓர் இடம் விட்டு, சிறு கோடு போட்டு, எக்ஸ்ட்ராக்ட் டிரைவர்ஸ் என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாக அடித்து, ஒரு ஃபோல்டரின் பெயரையும் கொடுத்தால் உள்ளே இருப்பது பிரிந்து வரும். அந்த ஃபோல்டரை நிறுவி இருக்கும் பென் டிரைவிலேயே போடுங்கள். கையோடு வைஃபை டிரைவரையும் போட்டுவிடுங்கள். பல நேரம் பழைய விண்டோஸ் ஏறியதும் இணையம் இருக்காது.

முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுக்காமல் இதற்கு மேல் ஓர் அடி வைக்காதீர்கள். டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். பாதியில் மனம் மாறி பழைய கோப்புகளை எடுக்க நினைத்தால், அது இல்லாமல் கதவு திறக்காது.

அந்த வெற்றுக் கட்டம் வந்ததும் பதறாதீர்கள். சில நேரம் பட்டியலில் பென் டிரைவ் மட்டும் தெரியும். வேறெதுவும் இல்லையே என்று அதை அழித்துவிட வேண்டாம். லோட் டிரைவர், பிறகு பிரவுஸ் என்பதை அழுத்தி உங்கள் ஃபோல்டரைக் காட்டுங்கள். தாளில் எழுதிய குறி உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். பொருந்தாத டிரைவர்களை மறைக்கும் ஒரு டிக் அங்கே இருக்கும். அதை எடுத்துவிட்டு, வருகிற எதையாவது ஏற்றிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிக் இருக்கும்போது பட்டியல் காலியாக வந்தால் நீங்கள் கொண்டுவந்த பதிப்பு உங்கள் செயலிக்கு உரியதல்ல. சரியான பதிப்பைத் தேடி எடுப்பதுதான் வழி.

பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் துவங்கும் முன்பே திறக்கும் லேப்டாப்பின் அமைப்புத் திரைக்குள், போய் விஎம்டியை அணைத்துவிடுவது இன்னொரு வழி. டிஸ்க்கை முழுக்க அழித்து நிறுவப்போகிறவர்களுக்கு, ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டும் இருந்தால், இது எளிது. தனி டிரைவரே தேவைப்படாது. சில லேப்டாப்களில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும் மாடல்களும் உண்டு. ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை வைத்துக்கொண்டே இதை அணைத்தால், அடுத்த முறை துவக்கும்போது அது நீலத் திரையில் போய் நிற்கும். எக்ஸ்பி காலத்து அதே 7பி பிழைதான், இப்போது 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று பெயரைச் சொல்லி வருகிறது. அப்படி நின்றால் எதையும் அழிக்க வேண்டாம். பயாஸில் விஎம்டியை மறுபடி இயக்கினால் பழையபடி துவங்கும்.

அண்ணன் மகளின் லேப்டாப்பில் அந்த அமைப்பைக் காணவில்லை. ஆகவே டிரைவர் வழியிலேயே போனோம். நான் போனில் சொல்லச் சொல்ல அவள் ஃபோல்டரைக் காட்டினாள். 467எஃப் என்று முடியும் வரி வந்தது. நெக்ஸ்ட் அழுத்தினாள். பத்து விநாடி இருக்கும், இரண்டு பக்கமும் பேச்சில்லை. "சித்தப்பா, வந்துடுச்சு! டிரைவ் 0, 476.9 ஜிபி!" 512 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். உள்ளே இருந்த பகுதிகள் எல்லாம் அப்படி அப்படியே வரிசையாக இருந்தன.

அந்த டிரைவர் ஃபோல்டரை அழிக்க வேண்டாம், பென் டிரைவிலேயே இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். அதே லேப்டாப்பில் அடுத்த முறை விண்டோஸ் போடும்போதும் முதலில் அந்த வெற்றுக் கட்டம்தான் வரும்.

நன்றி, வணக்கம்.