கேட்டில் நிறுத்தினால் வேலை போய்விடாது

வணக்கம் நேயர்களே.

"எட்டு நாள் வரலை, உன் பேரை எடுத்தாச்சு." மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வேலை பார்க்கிற பலரும் இதைக் காதால் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் சொல்பவர் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. எச்.ஆர். அலுவலகத்திலிருந்து யாரும் வெளியே வரமாட்டார்கள், கையில் ஒரு தாளும் தரமாட்டார்கள். வந்தவரும் வேலை போயே போய்விட்டது என்று நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற எனக்கு இதுதான் தீராத ஆதங்கம். சொல்லாமல் லீவு போட்டது தப்பாகவே இருக்கட்டும். அதற்காக வேலை தானாகப் போய்விடாது.

பல கம்பெனிகளின் நிலையாணைகளில், அதாவது வேலை விதிகளை எழுதி வைத்திருக்கும் தொகுப்பில், ஒரு விதி இருக்கும். லீவு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து காரணம் சொல்லாவிட்டால் வேலையில் உரிமை போய்விடும் என்பார்கள். பத்து நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் வராவிட்டால் அது ஒழுங்கீனம் என்றும் இருக்கும். இதைக் காட்டித்தான் பெயரை அடிக்கிறார்கள். ஆனால் 1993இல் டி.கே.யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அங்கேயும் இதே கதைதான். எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்றது நிர்வாகம். நான் தினமும் வந்தேன், கேட்டிலேயே தடுத்தார்கள் என்றார் தொழிலாளி. நிலையாணையில் எழுதியிருந்தாலும், விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் ஒருவரின் பிழைப்பைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையைத் திருப்பிக் கொடுத்து, பாக்கிச் சம்பளத்தில் பாதியையும் கொடுக்கச் சொன்னது.

ஆக, முதலில் என்ன தப்பு என்று எழுதிய சார்ஜ் ஷீட் நிர்வாகத்திடமிருந்து வர வேண்டும். அதற்குப் பதில் எழுத அவகாசம் தர வேண்டும். அப்புறம் என்கொயரி. அதில் உங்களோடு ஒரு சக தொழிலாளியை உதவிக்கு உட்கார வைக்கக் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் நம் ஊர். பக்கத்தில் ஒருவர் இருந்தாலே மிரட்டல் குறையும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விசாரணையில் முக்கியமான கேள்வி, வேண்டுமென்றே வராமல் இருந்தாரா என்பது. 2012இல் ஒரு மத்திய அரசு ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நோய், விபத்து, மருத்துவமனையில் படுத்தது போன்ற, மீற முடியாத காரணங்களால் வராமல் போனால் அதை வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூரில் வீட்டுக்குள் தண்ணீரும் அதோடு எண்ணெயும் புகுந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்காரர் எப்படி ஷிப்டுக்குப் போவார்? இதெல்லாம் காரணம்தான். ஆனால் வாயால் சொன்னால் நிற்காது. அயனாவரம் ஈ.எஸ்.ஐ. சீட்டோ, ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் தாளோ, தண்ணீர் நின்ற வீட்டின் போட்டோவோ, சூப்பர்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ, எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள்.

சரி, கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். நல்ல தமிழ், சட்டத் தமிழ் எதுவும் தேவையில்லை. "இன்ன தேதி காலை ஷிப்டுக்கு வந்தேன். உள்ளே விடவில்லை. இன்ன காரணத்தால் இத்தனை நாள் வர முடியவில்லை. நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். வேலை கொடுங்கள்." இது போதும். கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "அவரே வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்று நிர்வாகம் பின்னால் சொல்லப்போகும் கதையை உடைப்பது அந்த வரிகள்தான். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தால் கான்ட்ராக்டருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ராஜினாமாக் கடிதத்திலோ வெள்ளைத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். "போட்டால்தான் பி.எஃப். வரும், செட்டில்மென்ட் வரும்" என்பார்கள். பி.எஃப். உங்கள் பணம். செய்த வேலைக்கான சம்பளத்தை, நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது இன்றைய ஊதியச் சட்டம். ஐந்து ஆண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு. லீவு போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அதை நிறுத்த முடியாது. எதற்கும் உங்கள் ராஜினாமா தேவையில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் வருகிறவர்களின் வழக்குதான் மிகக் கடினம். மிரட்டி வாங்கினார்கள் என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும்.

சௌகார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளில் நிற்கிற பெண்கள் இது ஃபேக்டரிக்காரர்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 41ஆவது பிரிவு உங்களுக்கானது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்துவிட்டால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதானால், விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான், ஆகவே "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். பிரசவ லீவில் இருக்கும்போது நீக்குவது எங்கே நடந்தாலும் சட்டவிரோதம்.

ஃபேக்டரித் தொழிலாளிக்கு 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. வேலைநீக்க வழக்குக்கு முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, இப்போது இரண்டு ஆண்டு. முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். 45 நாள் கடந்தும் முடிவு வராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சங்கம் இல்லாதவரும் போகலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்கள் 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசச் சட்ட உதவிச் சட்டத்தில் பெண்களும் தொழிற்சாலைத் தொழிலாளிகளும் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். போகும்போது நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல், தபால் ரசீது, அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு இவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.