மீதி ரீலைப் போடுடா, மூத்தவனே!

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், பந்தலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய படங்களை இன்றைய தொழில்நுட்பத்தால் மாற்றலாமா, கூடாதா? நான் கூடாது என்ற அணி. எதிரணியில் முதலில் பேசிய ஐயா 'கர்ணன்' படத்தைச் சொன்னார். 1964இல் பி.ஆர். பந்துலு எடுத்ததை, 2012இல் சுத்தம் செய்து, ஒலியைச் சரிசெய்து வெளியிட்டார்கள், நூறு நாளைத் தாண்டி ஓடியது என்றார். உண்மைதான். நானும் போய்ப் பார்த்தேன், விசில் அடிக்கத் தெரியாததால் கை தட்டினேன். ஆனால் ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2012இலும் கண்ணன் வந்து தருமத்தைத் தானமாகக் கேட்டான். 2012இலும் கர்ணன் கொடுத்தான். 2012இலும் கர்ணன் செத்தான்! கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்பதற்காக அவனை யாரும் எழுப்பி உட்கார வைக்கவில்லை. கீறலைத் துடைத்தார்கள், கதையில் கை வைக்கவில்லை. தூசி தட்டுவதை எங்கள் அணியில் யாரும் தடுக்கவில்லை.

சரி, அடுத்து வந்த தம்பிக்கு வருகிறேன். அவர் பேசும்போது இந்தப் பந்தலே ஆடியது. என்ன சொன்னார்? "பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கொஞ்சம் கலர் அடித்தால் குடியா முழுகிவிடும்? இவங்களை விட்டா வீட்ல ஒட்டடைகூட அடிக்க விடமாட்டாங்க" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

தம்பி, வெள்ளையடிக்கிறோம் என்றீர்களே, எந்தச் சுவருக்கு என்று பார்த்து அடிக்க வேண்டாமா? தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே கருவறையைச் சுற்றி ஓர் இருட்டுச் சுற்றுப்பாதை இருக்கிறது. ராஜராஜன் காலத்து ஓவியர்கள் அந்தச் சுவரில் வரைந்தார்கள். சுந்தரர் வெள்ளை யானை மேல் கயிலைக்குப் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் போகிறார். அறுநூறு ஆண்டு கழித்து நாயக்கர் காலத்தில் வந்தவர்கள் அதன் மேலேயே புதுப் பூச்சுப் பூசி, வேறு படம் வரைந்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்களும் பக்தியோடுதான் செய்தார்கள், நம் தம்பி சொன்ன அதே நியாயம்தான், பழசாகிவிட்டது, புதுசாக அடிப்போம். சுந்தரர் யானையோடு சுவருக்குள் போய்விட்டார். எத்தனை தலைமுறை அந்தச் சுவரைக் கும்பிட்டு நடந்தது! கீழே ஒரு சோழ ஓவியம் மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது.

அப்புறம் தொல்லியல் துறை செய்ததைக் கேளுங்கள். மேலே இருந்த நாயக்கர் படத்தைச் சுரண்டி எறிந்தார்களா? இல்லை. அதையும் சேதமில்லாமல் உரித்து எடுத்து, தனிப் பலகையில் பதித்துப் பாதுகாத்தார்கள். சோழன் சோழனாக இருக்கிறான், நாயக்கர் நாயக்கராக இருக்கிறார். தொழில்நுட்பம் என்றால் அந்தக் கையைச் சொல்லுங்கள் தம்பி, ரெண்டு கையாலும் கும்பிடுகிறேன். ஒன்றின் மேல் ஒன்றைப் பூசுகிற கையைச் சொல்லாதீர்கள்.

"அசல் படம்தான் பெட்டியில் பத்திரமாக இருக்குமே" என்று அடுத்து வருபவர் கேட்பார். எங்கே இருக்கிறது? தமிழின் முதல் பேசும் படம் 1931இல் வந்த 'காளிதாஸ்'. அதற்கு ஒரு பிரதிகூட இன்று இல்லை. 1918இல் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' ஊமைப்படம், அதுவும் இல்லை. பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பிக் கெட்ட ஊர் இது.

இன்னொரு கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைப் படம், 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய நம் படங்களின் சட்டகம் இவ்வளவு அகலம் கிடையாது, அனேகமாகச் சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதை அகலத் திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்றால் மேலேயும் கீழேயும் வெட்ட வேண்டும். நூறு அங்குல உயரம் இருந்தால் நாற்பது அங்குலம் போய்விடும். இப்போது 'தில்லானா மோகனாம்பாள்' பத்மினி ஆடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வெட்டினால் முத்திரை போச்சு, கீழே வெட்டினால் சலங்கை போச்சு. மிச்சம் இருப்பது இடுப்பு. பத்மினி அம்மாவின் காலை வெட்டிவிட்டுப் பரதநாட்டியம் பார்க்கச் சொல்கிறீர்களா?

சரி, இதெல்லாம் ஓரத்தை வெட்டுகிற வேலை. நெஞ்சை வெட்டிய கதை 2025இல் நடந்தது. தனுஷ் நடித்து 2013இல் வந்த இந்திப் படம் 'ராஞ்சனா', தமிழில் 'அம்பிகாபதி'. அதன் நாயகன் கடைசியில் சாகிறான். 2025 ஆகஸ்டில் அந்தத் தமிழ்ப் படத்தைத் திரும்ப வெளியிட்டபோது, செயற்கை நுண்ணறிவை வைத்து முடிவை மாற்றி, அவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். எடுத்த இயக்குநர் ஆனந்த் எல். ராய் வேண்டாம் என்றார். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் நான் ஒப்புக்கொண்ட படம் இதுவல்ல என்று தனுஷ் அறிக்கை விட்டார். உயிரோடு இருக்கிறார்கள், கேட்க வாய் இருந்தது, கேட்டார்கள். சிவாஜி வந்து கேட்பாரா? சாவித்திரி வந்து கேட்பாரா?

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது. நடுவர் ஐயா, இப்போது மணியில் கை வைக்காதீர்கள், இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம். பெரியப்பா டூரிங் டாக்கீசில் ஆபரேட்டர். கீற்றுக் கொட்டகை, ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார். 'விநாயகனே' பாட்டுக் கேட்டால் ஊரே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடும். பெண்கள் பக்கம் தட்டி மறைத்திருக்கும். மணலைக் கூட்டி, மேடாக்கி, அதன் மேல் உட்காருவோம். முன்னால் இருப்பவள் மேட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், படத்துக்கு முன்னால் அங்கே ஒரு படம் ஓடும்.

1974 வாக்கில், எனக்கு ஏழு வயது இருக்கும், பெட்டி வந்தது. 'பாசமலர்'. பீம்சிங் படம், அண்ணனும் தங்கையும் கடைசியில் ஒன்றாகச் சாகிறார்கள், உங்களுக்குத் தெரியும். முதல் நாள் பெண்கள் பக்கம் ஒரே ஒப்பாரி. இரண்டு பேர் மயங்கி விழுந்து, சோடா உடைத்துத் தெளிக்க வேண்டியதாகிவிட்டது. கொட்டகை முதலாளிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இப்படி அழுதுகொண்டு போனால் நாளைக்கு எவள் வருவாள்? பெரியப்பாவைக் கூப்பிட்டார். "கண்ணு தெரியாத அண்ணன் தங்கச்சியைத் தேடி வர்றான்ல? ரெண்டு பேரும் சேர்ந்தவுடனே நிறுத்திடு. சுபம் போட்டுடு."

பெரியப்பா என்ன செய்வார், சம்பளக்காரர். விளம்பரம் போடுகிற கண்ணாடி சிலைடு ஒன்றை எடுத்தார், விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினார், குச்சியால் 'சுபம்' என்று எழுதினார். இரண்டாம் நாள், சிவாஜி தட்டுத் தடுமாறி வருகிறார், "ராதா" என்கிறார், சாவித்திரி திரும்புகிறார், படக்கென்று நின்றது. திரையில் சுபம்! பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் வந்துவிட்டது.

கவனியுங்கள். அன்றைக்கு எங்கள் பெரியப்பா கையில் கண்ணாடித் துண்டு. 2025இல் அவர்கள் கையில் ஏஐ. வேலை ஒன்றுதான்.

ஆண்கள் பக்கம் எழுந்து, துண்டை உதறிப் போட்டுக் கிளம்பிவிட்டார்கள். பெண்கள் பக்கம் ஒருத்தியும் எழவில்லை. என்னை மடியில் வைத்திருந்த அப்பத்தா மட்டும் என்னை இறக்கிவிட்டு எழுந்தார். அப்பத்தா என்றால் ஆபரேட்டரைப் பெற்ற தாய். நேரே கேபின் அடியில் போய் நின்றார். மேலே பார்த்து ஒரு குரல்.

"டேய் மூத்தவனே! மீதி எங்கடா?"

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதான் ஆத்தா. ரெண்டு பேரும் சேர்ந்துட்டாக. நல்லாருக்காக. வீட்டுக்குப் போ."

"நல்லாருக்கிறதைப் பாக்கவா நான் நாப்பது பைசா குடுத்தேன்? நான் அழ வந்தேன்டா. என் அழுகைய எடுத்து வச்சுக்கிட்டு சுபம் போடுறியா நீ? மீதி ரீலைப் போடுடா, மூத்தவனே!"

இன்னொரு தரம் சொல்லட்டுமா? "என் அழுகைய எடுத்து வச்சுக்கிட்டு சுபம் போடுறியா?" சுந்தரரைப் பூசி மறைத்தவர்களுக்கும், அம்பிகாபதியை எழுப்பி உட்கார வைத்தவர்களுக்கும் எங்கள் அப்பத்தா அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார். கைநாட்டு. தொழில்நுட்பம் தெரியாது. தன்னுடையது எது என்று தெரியும்.

முதலாளி ஓடி வந்தார். அதற்குள் மற்றப் பெண்கள் மணலைத் திரும்பக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்துவிட்டார்கள். போனவர்களும் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். பெரியப்பா மறுபடி புரொஜெக்டர் விளக்கின் கார்பனைப் பற்ற வைத்தார். ரீல் ஓடியது. கண் தெரியாத சிவாஜி "கைவீசம்மா கைவீசு" என்கிறார், கொட்டகை முழுக்க உடைந்தது. முதலாளியும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். மூன்றாம் நாள் யாரும் வர மாட்டார்கள் என்றாரே, பக்கத்து ஊரில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இத்தனை வருஷம் இதை நாங்கள் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பத்தா ஏன் அப்படிக் கத்தினார் என்று நான் கேட்டதே இல்லை. அவர் படுத்த படுக்கையான பிறகு பெரியப்பாதான் சொன்னார்.

அப்பத்தாவுக்கு ஒரு தம்பி. பதினாறு வயதில் ரங்கூனுக்கு ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகப் போனார். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. காட்டிலும் மலையிலும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை. உடம்பு வரவில்லை, கடிதம் வரவில்லை. அதனால் கருமாதி செய்யவில்லை. செய்யாததால் அப்பத்தா அழக் கூடாது. உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் ஆகாது என்று மாமியார் வாயை அடைத்துவிட்டார். முப்பது வருஷம் நெஞ்சில் வைத்திருந்தார்.

அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் ஒரு தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சாகிறாள். அங்கேதான் எங்கள் அப்பத்தா தன் தம்பிக்கு அழுதார். இருட்டில், மணலில், யாரும் கேள்வி கேட்காத இடத்தில். நாற்பது பைசாவுக்கு அவருக்கு வேறு எங்கே அது கிடைக்கும்?

நடுவர் அவர்களே, நம் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது வருஷம். 1961இல் வந்த 'பாசமலர்' 2021உடன் முடிந்துவிட்டது. நாளைக்கு எவரோ ஒருவர் எடுத்து, சிவாஜிக்குக் கண் பார்வை கொடுத்து, சாவித்திரியைச் சிரிக்க வைத்து, கலரில் சுபம் போடலாம். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு அதுதான் பாசமலர். அன்றைக்குக் கேபின் அடியில் போய் நின்று கத்த எங்கள் அப்பத்தா இருக்க மாட்டார். அதனால்தான் நான் இங்கே வந்து கத்துகிறேன்.

கடைசிக் காலத்தில் அப்பத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு மத்தியானம் டிவியில் பாசமலர் போட்டார்கள். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். கடைசிக் கட்டம் வந்ததும் கட்டிலில் இருந்து கை நீண்டது. என் கையைப் பிடித்தார். மெதுவாக வீசினார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். என்னைப் பார்த்து, "வந்துட்டியா தம்பி" என்றார்.

நான் "வந்துட்டேன்க்கா" என்றேன்.

வணக்கம்.