32 மாடி உயரத்திலிருந்து விழுந்த பூனையும் ஜிமாட் தேர்வில் ஐந்து விடைகளும்

[திரையில்: உயரமான கட்டடம், ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை]

நியூயார்க்கில் ஒரு பூனை 32 மாடி உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தது. பல் கொஞ்சம் உடைந்தது, நுரையீரலில் அடிபட்டது, ஆனால் பிழைத்துக்கொண்டது. எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமாட் தேர்வின் தர்க்கக் கேள்விகளில் விடைகளை எடைபோடுவது எப்படி என்பதை இன்று இந்தப் பூனையை வைத்தே பார்க்கப்போகிறோம். பூனைக்காக மட்டும் வந்தவர்களும் உட்காருங்கள்.

பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இப்போதைய ஜிமாட்டில் மொழித்திறன் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்விகள். இலக்கணத் திருத்தத்தை எடுத்துவிட்டார்கள். வாசிப்புக் கேள்விகளும் தர்க்கக் கேள்விகளும்தான் மிச்சம். தர்க்கக் கேள்வி என்றால் ஒரு சிறு பத்தி, கீழே ஐந்து விடைகள். போதும், பூனைக்கு வருவோம்.

மாடியிலிருந்து விழுந்த பூனைகளைப் பற்றி நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள விலங்கு மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 1987இல் வெளியானது. ஐந்தே மாதங்களில் அங்கே வந்து சேர்ந்தவை 132 பூனைகள். ஐந்து மாதத்தில் 132! அந்த ஊர்ப் பூனைகளுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. வேடிக்கை அதுவல்ல. ஏறத்தாழ ஏழு மாடி வரை உயரம் கூடக்கூடக் காயமும் கூடியது. அதற்கு மேலே போனால் குறைந்தது! அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. சில மாடிகள் விழுந்ததும் பூனை தன் உச்ச வேகத்தை, மணிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தை, எட்டிவிடுகிறதாம். அதற்கு மேல் வேகம் கூடாததால் உடம்பைத் தளர்த்தி, கால்களைப் பரப்பி, பறக்கும் அணில்போல இறங்குகிறதாம். இதை முதலில் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

இதைத் தேர்வுக் கேள்வியாக்குவோம்.

[திரையில் கேள்வி]

"மருத்துவமனைக்கு வந்த பூனைகளில், ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு. ஆகவே குறைந்த உயரத்திலிருந்து விழுவதைவிட மிக அதிக உயரத்திலிருந்து விழுவதே பூனைக்கு ஆபத்துக் குறைவானது." இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?

அ. பூனை வளர்ப்பவர்கள் ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும்.
ஆ. விழுந்த இடத்திலேயே இறக்கும் பூனைகளைப் பெரும்பாலும் யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை.
இ. நாய்களுக்கு, விழும் உயரம் கூடக்கூடக் காயமும் கூடுகிறது.
ஈ. விழும் பூனை காற்றிலேயே உடம்பைத் திருப்பிக் காலூன்றும்.
உ. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்த எந்தப் பூனையும் காயமின்றித் தப்பியதில்லை.

வீடியோவை நிறுத்திவிட்டு விடையை யோசியுங்கள். ஏமாற்றாதீர்கள்.

விடைகளைத் தொடுவதற்கு முன் வாதத்தில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். முடிவு எல்லாப் பூனைகளையும் பற்றியது. ஆதாரமோ மருத்துவமனை வாசலைத் தாண்டிய பூனைகளைப் பற்றியது மட்டும். இந்த இடைவெளி கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'அ' நல்ல அறிவுரை, என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாதத்தை அது தொடவே இல்லை. விடை நியாயமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வாதத்தை அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. 'இ' நாய்க் கதை, தள்ளுங்கள். அடுத்து ஈயை அடிப்போம்: அது வாதத்துக்கு ஏதாவது செய்கிறது என்றால், முட்டுக்கொடுக்கிறது. பலவீனப்படுத்தும் விடையைத் தேடிப் போனவர், அவசரத்தில் பலப்படுத்தும் விடையைத் தொட்டுவிட்டு வருவது தினமும் நடக்கிற கதை.

எனக்குப் பிடித்தது 'உ'. 'எந்தப் பூனையும்' என்று கடுமையாகப் பேசுவதால் பலர் அதைத் தள்ளுவார்கள். முடிவு சரி, காரணம் தவறு! இவ்வகைக் கேள்வியில் ஐந்து விடைகளையும் உண்மை என்றே வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கடுமையான சொல் குற்றமில்லை. எல்லாப் பூனைக்கும் காயம் என்றே வைத்துக்கொள்வோம். மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்பது அப்போதும் பொருந்துகிறதே! அதனால்தான் 'உ' தவறு.

மிச்சம் 'ஆ'. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். இங்கே கண்ணை மூடிய பூனைகள் கணக்கிலேயே வரவில்லை. மிக உயரத்திலிருந்து விழுந்தவற்றில் பல அப்படி இறந்திருந்தால், பிழைத்து வந்தவற்றை மட்டும் பார்த்து ஆபத்துக் குறைவு என்று சொல்ல முடியுமா? "தாழ்ந்த மாடியிலிருந்து விழுந்தும் சில இறந்திருக்குமே" என்று கருத்துப் பெட்டிக்கு ஓடாதீர்கள். வாதத்தைப் பலவீனப்படுத்தத்தான் சொன்னார்கள், புதைக்கச் சொல்லவில்லை. சந்தேகம் கிளம்பினால் போதும்.



இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு: அனுமானத்தை, அதாவது வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருக்கும் கருத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வியா? விடையை மறுத்துப் பாருங்கள். "இறந்த பூனைகளைச் சேர்த்தாலும் கணக்கு மாறாது" என்பதை "மாறும்" என்று திருப்பினால் வாதம் பொத்தென்று விழுகிறதா? அதுதான் அனுமானம்.

[திரையில்: ஜாக்ரெப் நகரம்]

போகும் முன் ஒன்று. குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் 119 பூனைகளை ஆராய்ந்த ஆய்வு 2004இல் வெளியானது. அங்கே ஏழாம் மாடிக்கு மேலே காயங்கள் கடுமையாகவே இருந்தன. அதுவும் மருத்துவமனைக்கு வந்த பூனைகளின் கணக்குதான். இதை ஆறாவது விடையாகச் சேர்த்தால், 'ஆ'வைவிட நன்றாக வாதத்தைப் பலவீனப்படுத்துமா? காரணத்தோடு கீழே எழுதுங்கள். வெறும் 'ஆம்', 'இல்லை' எழுதுபவர்களுக்கு நான் பதில் போடமாட்டேன்.