42-இல் 17 போனால்: ஈர்க்குச்சிக் கட்டும் சில்லறையும்

(மேசைமேல் புதுத் தென்னந்துடைப்பம், கத்தரிக்கோல், ஒரு டப்பா ரப்பர் பேண்டு.)

வணக்கம். பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கைப் புரியவைக்க வேண்டிய சாமான் எல்லாம் இந்த மேசைமேல் இருக்கிறது. துடைப்பம் புதிதாக இருக்கட்டும். கூட்டிப் பெருக்கியதை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பாட்டிகளுக்கு யார் பதில் சொல்வது?

நான் பள்ளிப்பட்டுப் பக்கம், மாலையில் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா வந்துவிடும். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளியில் படிப்பது தமிழ். நான் இரண்டு பேருக்கும் அக்காதான்.

(ஒரு நோட்டுப் பக்கம். 42 − 17 = 35.)

இந்த விடையைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் போட்டது. தப்புதான், ஆனால் கவனக்குறைவு இல்லை. 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டான். பெரியதில் இருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். அவனுக்கு 42 என்பது ஒரு 4, பக்கத்தில் ஒரு 2. அந்த 4-க்குள் நாற்பது இருப்பது தெரியாது.

சரி, துடைப்பத்தைப் பிரிப்போம். ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, கூர் முனைகளை வெட்டிவிடுங்கள். அப்புறம் பிள்ளையே பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட வேண்டும். நேரம் மிச்சமாகட்டும் என்று ஆரம்பத்தில் நானே கட்டி வைத்துக் கொடுத்தேன். அது பெரிய தப்பு. நான் கட்டிய கட்டு அவர்களுக்கு ஒரு பொருள், அவ்வளவுதான். தானே எண்ணிக் கட்டிய பிள்ளைக்குத்தான் அதற்குள் பத்து இருப்பது கையால் தெரியும்.

(பாயில் 4 கட்டு, 2 குச்சி.)

இதுதான் 42. இப்போது பையனிடம், "எனக்கு 17 குச்சி கொடு" என்கிறேன். முதலில் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு உதிரி இரண்டையும் கொடுத்தான். அதோடு கை நின்றுவிட்டது. "அக்கா, பத்தலை."

இந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். கஷ்டம்தான், எனக்கும் நாக்கு துறுதுறுக்கும். ஒரு நிமிடம் போல உட்கார்ந்தோம். "கட்டைப் பிரிக்கட்டுமா?" என்று கேட்டான். பிரித்தான், இன்னும் ஐந்து கொடுத்தான். மீதி இரண்டு கட்டு, ஐந்து குச்சி. 25.

ஒன்று கவனித்தீர்களா? தாளில் ஒன்றின் இடத்தில் இருந்து தொடங்கச் சொல்கிறோம். கை பத்தில் இருந்து தொடங்கியது. விடை மாறவில்லை. முதல் நாளே அதைத் திருத்த வேண்டியதில்லை.

இதற்குப் பள்ளியில் "கடன் வாங்கிக் கழித்தல்" என்று பெயர். ஒரு பாப்பா என்னிடம், "கடன் வாங்கினால் எப்போ திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அங்கே யாரும் கடன் வாங்குவதில்லை, பத்து ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றுகிறோம். அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் அது "சில்லறை மாற்றல்". தெலுங்கிலும் சில்லறைக்குச் சில்லரதான், ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் பாடு பட்ட பிள்ளைகள்தானே!

குச்சியில் இருந்து நேராக எண்ணுக்குத் தாவினால் மறுபடி 35-தான் வரும். நடுவில் ஒரு படி இருக்கிறது, படம். கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, உதிரிக்குப் புள்ளி. கட்டைப் பிரித்தால் கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி. செயல், படம், குறியீடு என்ற இந்த மூன்றையும் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே பேசிவிட்டார். நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே இருக்கும் ரிஷிவேலி பள்ளியின் கிராமப் பள்ளிகளில் அட்டைகளை வைத்து நடந்த கற்பித்தலைப் பார்த்துத்தான், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் மாநிலம் முழுக்கப் போனது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பொருளை வைத்துத்தான் கணக்கு.

(ஒன்பது கட்டுகள் வரிசையாக.)

இது எவ்வளவு? எண்பது வரைக்கும் ஓடி வந்த பிள்ளை இங்கே தடுக்கி விழும். எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த தமிழ், ஒன்பதில் மட்டும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று திரும்பிவிடுகிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு வேறு ஒளிந்திருக்கிறது, நூறைத் தாண்டிவிட்டோமோ என்று குழம்பாமல் என்ன செய்யும்? தெலுங்கில் 900-க்குத் தொம்மிதி வந்தலு, அதாவது ஒன்பது நூறுகள். அதனால் தெலுங்கு வீட்டுப் பிள்ளை தமிழிலும் "ஒன்பது நூறு" என்கிறது. அதைத் தப்பு என்று அடிக்காதீர்கள், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு புரிந்திருக்கிறது. வார்த்தை மட்டும்தான் பாக்கி.

(தரையில் சாக்பீசால் இரண்டு வரிசை வட்டங்கள். புளியங்கொட்டை.)

அடுத்தது பல்லாங்குழி. தெலுங்கில் வாமனகுண்டலு. இரண்டு பக்கமும் ஏழேழு, மொத்தம் 14 குழி. பலகை இல்லாவிட்டால் சாக்பீஸ் போதும். குழிக்கு ஐந்து முத்து போட்டால் எத்தனை வேண்டும்? அதையே முதல் கணக்காகக் கொடுங்கள். 70.

ஆட்டத்தில் நான் சேர்க்கும் விதி ஒன்றுதான். முத்தை அள்ளும் முன்பே, கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று சொல்ல வேண்டும். முதலில் விரல் வைத்து எண்ணுவார்கள். சில நாளில் கண்ணாலேயே தாவுவார்கள். குழியில் நான்கு சேர்ந்தால் பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பசுவுக்காக நான்கை எண்ணாமல் பார்த்தே அறியும் பழக்கம் தானாக வந்துவிடும். பெரிய பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள்: ஒரு குழியில் 14 முத்து இருந்து, வரிசையாக எல்லாக் குழியிலும் போட்டால் கடைசி முத்து எங்கே விழும்? போட்டுப் பார்த்தால் கிளம்பிய குழியிலேயே வந்து விழும். அந்த நேரத்து முகத்தைப் பார்க்க வேண்டும்.

குன்றிமணி அழகாக இருக்கிறது என்று அதை மட்டும் எடுக்காதீர்கள். மென்றுவிட்டால் விஷம். புளியங்கொட்டையானாலும் மூக்கில் போட்டுக்கொள்ளும் வயசுத் தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் ஒரு கண் இருக்கட்டும்.

பெருக்கலுக்கு முட்டை அட்டை. இப்படிப் பார்த்தால் ஐந்தாறு, திருப்பி வைத்தால் ஆறைந்து, குழி அதே 30. இதைவிட அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

பின்னத்துக்குத் தோசையைக் கிழித்துக் காட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பெரிய துண்டு யாருக்கு என்ற சண்டையில் கணக்கு போய்விடும். நான் எடுப்பது செய்தித்தாளில் வெட்டிய நீளப் பட்டை. ஒரு மடிப்பு, அரை. இன்னொரு மடிப்பு, கால். இன்னொன்று, அரைக்கால். பெயரே கணக்கைச் சொல்கிறது பாருங்கள், காலில் அரை. எட்டு நான்கைவிடப் பெரிது, அதனால் எட்டில் ஒன்றுதான் பெரிய துண்டு என்று சாதிக்கும் பிள்ளைகூட இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அடங்கிவிடும். நான்காவது மடிப்பில் 16 துண்டு. அதற்குப் பெயர் வீசம், மாகாணி என்றும் சொல்வார்கள். 1957-இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. தாத்தா பாட்டி இருந்தால் அணாக் கணக்கைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசியாக எல்லாப் பெற்றோரும் கேட்பது: பரீட்சையில் குச்சி கொண்டுபோக முடியுமா? முடியாது. அதனால் சரியாக வர ஆரம்பித்ததும் குச்சியை ஒரு துணியால் மூடிவிடுவேன். பார்க்க முடியாது, சந்தேகம் வந்தால் திறக்கலாம். பெரும்பாலும் திறக்க மாட்டார்கள்.

அந்தப் பையனுக்குப் போன வாரம் 63 − 28 கொடுத்தேன். துணியைத் தொடவில்லை. நோட்டைப் பார்த்தபடியே இடது கையால் காற்றில் எதையோ பிடித்து, வலது கையால் ஒரு ரப்பர் பேண்டை உருவினான். எழுதினான்: 35.

இந்த முறை சரி.