அம்மா பைண்டு செய்து வைத்த கல்கி

(நூலக வார விழாவையொட்டி, கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையிலிருக்கும் பெரியவர்களுக்கும், என் வயதுத் தோழிகளுக்கும், முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் வந்ததிலிருந்து இந்தப் பிள்ளைகள் மேசைமேல் இருக்கும் துணி மூட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, முதலில் அதை அவிழ்த்துவிடுகிறேன். உள்ளே ஐந்து தடித்த புத்தகங்கள். கறுப்புக் காலிக்கோ போர்த்திய அட்டை, மூலைகளில் சிவப்புத் துணி. பழைய கணக்குப் பேரேடு மாதிரி இருக்கிறதல்லவா? கும்பகோணத்தில் கடைக்காரர்களுக்குப் பேரேடு பைண்டு செய்து கொடுத்தவர்தான் இதையும் செய்து கொடுத்தார். முதுகில் ஒட்டிய தாளில் ‘பொ.செ. 1’ என்று தொடங்கி ஐந்து வரை என் அம்மா எழுதியிருக்கிறார். 1950 அக்டோபர் 29 தேதியிட்ட கல்கி இதழில் தொடங்கி 1954 மே மாதம் வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வன் பக்கங்கள் இவை. ஒவ்வொரு இதழிலிருந்தும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, தைத்தது. கடையில் விற்ற புத்தகம் இல்லை. அம்மா உண்டாக்கிய புத்தகம்.

அம்மாவுக்கு 1950 தை மாதம் கல்யாணம். பதினேழு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆடுதுறைக்கு வாழ வந்தார். கல்கிக் கட்டு ரயிலில் வரும். ஏஜெண்ட் ஸ்டேஷனிலேயே கட்டைப் பிரிப்பார். வாழை இலை விற்ற காசில் தாத்தா அதற்கென்று தனியாக எடுத்துக் கொடுப்பாராம். வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர் பாட்டி. ஆனால் கதை கேட்பதில் அவரைப் போல் ஒருவரைப் பார்க்க முடியாது. சாப்பாட்டுக் கடை முடிந்ததும் திண்ணையில் பாட்டி, பக்கத்து வீட்டு அம்மாள்கள் இரண்டு மூன்று பேர், முறத்தில் மொச்சையோ கீரையோ, நடுவில் அம்மா. சத்தமாகப் படிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். தொடருக்கு ஓவியம் வரைந்த மணியத்தின் படம் அந்த வாரத்துக் கதையில் என்ன நடக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். கத்தி உருவிய கையோ கண்ணீர் வடிக்கும் முகமோ தெரிந்துவிட்டால் சுவை போச்சு. அதனால் அம்மா உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டு படிப்பார். அந்த இடம் வந்ததும் கையை எடுத்து, பத்திரிகையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டுவார். பாட்டிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் குந்தவையின் கொண்டையும் நந்தினியின் கொண்டையும் வேறு வேறு என்று தெரியும். பிற்பாடு கல்கியிலேயே அந்தக் கதை மறுபடியும் தொடராக வந்தபோது வினு வரைந்தார், அப்புறம் பத்மவாசன் வரைந்தார். அவர்களும் பெரிய கலைஞர்கள்தான். ஆனாலும் என் கண்ணுக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான். அம்மாவின் கைக்கு அடியிலிருந்து வந்த முகம் அது.

பைண்டு செய்வது எளிய வேலை என்று நினைக்காதீர்கள். தொடர் முடியும்வரை இதழ்களை அப்படியே வைத்திருக்க வேண்டும். முடிந்த பிறகு, நடுவில் அடித்திருக்கும் கம்பிப் பின்னைக் கத்தி முனையால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவ வேண்டும். பின் துருப்பிடித்திருந்தால் அந்த இடம் பொடிந்து போகும். ஒரே தாளின் இந்தப் பக்கம் பொன்னியின் செல்வன் முடியும், அந்தப் பக்கம் வேறொரு தொடர் ஆரம்பிக்கும். தாளை எந்தக் கட்டில் வைப்பது? அம்மா பொன்னியின் செல்வனிலேயே வைத்துவிட்டு, மற்றதற்கு அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிச் சேர்த்துவிடுவார். பைண்டர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார், பூச்சி வராமலிருக்க. ஓரத்தைச் சீராக வெட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னபோது அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வெட்டினால் மணியத்தின் கோடு போய்விடுமே! அதனால்தான் பாருங்கள், இந்தப் புத்தகத்தின் ஓரம் சமமாகவே இருக்காது.

இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’. அதன் முதல் அத்தியாயம் பூங்குழலி. அடுத்தது சேற்றுப் பள்ளம். கோடிக்கரையில் வந்தியத்தேவன் புதைசேற்றில் அமிழ்ந்துகொண்டிருக்கிறான், பூங்குழலி வந்து கரையேற்றுகிறாள். அந்த இதழைத்தான் உறவுக்கார அம்மாள் ஒருவர் ரயிலில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். திரும்பி வரவில்லை. பைண்டு செய்யும்போதுதான் அம்மாவுக்கு அது உறைத்திருக்கிறது. அவனைச் சேற்றில் விட்டுவிட்டுக் கட்டை எப்படி முடிப்பது? திருவிடைமருதூரில் ஒரு வீட்டில் அந்த இதழ் இருப்பதாகத் தெரிந்ததும், கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் கூடத்திலேயே உட்கார்ந்து இரண்டு மத்தியானம் எழுதி வந்தார். இதோ, கோடு போடாத தாளில், இரண்டு பத்தியாகப் பிரித்து, அச்சில் இருந்தபடியே. அத்தியாயத் தலைப்பைச் சற்றுப் பெரிதாக எழுதியிருக்கிறார். மணியத்தின் படத்துக்கு மேலே எண்ணெய்த் தாளை வைத்துப் பென்சிலால் ஒற்றியெடுத்திருக்கிறார். கடைசியில் அச்சில் இருந்த ‘தொடரும்’ கூட விடுபடவில்லை.

இந்தப் பக்கங்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பத்திரிகை எவ்வளவு பிரதி விற்றது என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு வாசகி அதைக் கையால் எழுதிச் சேர்த்தாள் என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் இடமே கிடையாது.

கல்கி பத்திரிகையின் பிறப்பும் இப்படிப்பட்ட பிடிவாதத்தில்தான் நடந்தது. கல்கி என்ற பெயரில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி ஆனந்த விகடனை விட்டு வந்து, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்டில் கல்கியைத் தொடங்கினார். கையில் முதல் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக, ஆண் வேஷம் கட்டி நடித்தார். அந்தச் சம்பளம்தான் பத்திரிகைக்கு முதலாகப் போயிற்று. ஒரு பத்திரிகை வருவதற்காக அவ்வளவு பெரிய பாடகி வேஷம் கட்டியிருக்கிறார் என்றால், அதைப் படித்தவர்கள் பாதுகாத்ததில் என்ன வியப்பு? எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் வேண்டும் என்று கல்கி எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1947இல் மண்டபம் திறக்கப்பட்டது. என் அம்மாவின் அப்பா ஒரு ரூபாய் மணியார்டர் அனுப்பியதாகச் சொல்வார்கள். நான் எட்டயபுரம் போனபோது அந்த மண்டபத்துத் தூண் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அதில் எங்கள் தாத்தாவின் ஒரு ரூபாயும் இருக்கிறது.

1954 டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். பொன்னியின் செல்வன் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த ‘அமர தாரா’ தொடர் பாதியில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார். எங்கள் வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அடுத்த வருஷம் பிறந்தேன். ஊரில் எல்லோரும் பிள்ளை பிறந்ததைப் புயலை வைத்து, வெள்ளத்தை வைத்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ‘கல்கி போன மறுவருஷம்’.

ஆசிரியர் போன பிறகும் பத்திரிகை நிலைத்து நின்றது. அதுதான் பெரிய செய்தி. ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ தொடர்ந்து வந்தது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ வந்தது. நா. பார்த்தசாரதி, மணிவண்ணன் என்ற பெயரில் ‘குறிஞ்சி மலர்’ எழுதினார். எங்கள் தெருவில் மட்டும் அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளில், அந்தக் கதையின் நாயகன் நாயகி பெயரில், இரண்டு அரவிந்தன், ஒரு பூரணி. அம்மா எல்லாவற்றையும் பைண்டு செய்தார். மொத்தம் 39 கட்டுகள். மரப் பெட்டியில் வசம்பு போட்டு, ஆவணி வெயிலில் வருஷத்துக்கு ஒருமுறை காயவைத்து எடுப்போம். ராமபாணப் பூச்சி துளைத்த பக்கத்தைக் கண்டால் அம்மாவின் முகம் வாடிவிடும்.

பின்னாட்களில் கல்கி முன்போல் இல்லை என்று சொல்லி நிறைய பேர் நிறுத்திவிட்டார்கள். நானே ஒருமுறை அம்மாவிடம், இனிமேல் எதற்கு, கண்ணும் தெரியவில்லை என்றேன். “வீட்டுல ஒருத்தருக்கு வயசாயிட்டா வெளில அனுப்பிடுவியா?” என்று கேட்டார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. 2020இல் ஊரடங்கு வந்தது. அச்சுக் கல்கி நின்று, இணையத்துக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. பேப்பர்காரப் பையன் வரும் சத்தம் கேட்டால் “வந்துதா?” என்பார். நான் போனில் திறந்து படித்துக் காட்டினேன். காது கொடுத்துக் கேட்டார். ஆனால் கை மட்டும் தாளைத் தேடிக்கொண்டே இருக்கும். படத்தை மூட வேண்டுமே! மறுவருஷம் அம்மா போய்விட்டார்.

இப்போது நான் இங்கே எதற்காக வந்தேனோ அதற்கு வருகிறேன்.

பொன்னியின் செல்வன் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது, அழகழகான பதிப்புகளில். நல்லதுதான். ஆனால் கதை மட்டும்தான் அதில் இருக்கிறது. இந்தக் கட்டில் கதையின் முதுகுப் பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் பழுவேட்டரையர், திருப்பினால் தலைவலித் தைல விளம்பரம். வானதி மயங்கி விழுகிற பக்கத்தின் பின்னால் ஒரு கச்சேரி விமர்சனத்தின் கடைசிப் பத்தி. சுதந்திரம் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்த காலம், அரிசி ரேஷன் இருந்த காலம், அப்போது ஜனங்கள் எதைப் படித்துச் சிரித்தார்கள், எதை வாங்கினார்கள் என்பதெல்லாம் அந்த முதுகுப் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்தப் பதிப்பாளரும் அதை மறுபடி அச்சிடப் போவதில்லை. வாசகர் வீட்டுப் பரணில் மட்டும்தான் அது மிச்சம்.

அந்தப் பரண்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெரியவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, நாற்பது வருஷத்துத் தீபாவளி மலர்கள் உட்பட எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தராசில் இருந்தன. நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ‘குறிஞ்சி மலர்’ கட்டை ஓர் இடத்துக்கு நம்பி நன்கொடையாகக் கொடுத்தேன். மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒழுகும் கூரைக்குக் கீழே மாவு மாதிரி கரைந்து கிடந்தது. அம்மாவிடம் அதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதுகிற தொழில். வருமானத்தையெல்லாம் பழைய புத்தகத்திலும் பத்திரிகையிலும் போட்டார். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது வீடு முழுக்கக் காகிதம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனாலும் கடல் தாண்டிக் கொண்டு போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். இன்று தமிழ்நாட்டின் வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் படி ஏறாமல் எழுத முடியாது. அவர் பெரிய படிப்பாளி இல்லை. பிரியத்தில் சேர்த்த மனிதர்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வீட்டில் இப்படிக் கட்டு இருந்தால், கல்கியோ விகடனோ கலைமகளோ எதுவானாலும், எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானும் இந்த வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேரும் வந்து பார்க்கிறோம். பின்பக்கத்தோடு, விளம்பரத்தோடு பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறோம். கட்டை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம். ஒரு இதழ் மட்டும்தான் இருக்கிறது, அட்டை இல்லை, பாதி கிழிந்திருக்கிறது என்று தயங்காதீர்கள். யாரோ ஒருவர் வீட்டில் அந்த ஒரு இதழுக்காகத்தான் ஒரு கட்டு முடியாமல் நிற்கும். திருவிடைமருதூர் வீட்டில் அன்றைக்கு “எங்களிடம் இருக்கிறது, உள்ளே வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொன்னார்களே, அவ்வளவுதான் நான் கேட்பதும்.

அம்மாவின் 39 கட்டில் ஒன்று என்னால் போயிற்று. மிச்சம் 38ஐயும் படம் எடுத்து முடித்த பிறகு எங்கே வைப்பது என்று நூலகர் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கூரை ஒழுகாத அறை, பூட்டுள்ள பீரோ, இரண்டும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் மேசைக்கு வரலாம். கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு வாருங்கள். சேற்றுப் பள்ளம் இரண்டாவது கட்டில் இருக்கிறது. அதை மட்டும் நானே புரட்டிக் காட்டுகிறேன். பென்சில் கோடு மங்கிக்கொண்டு வருகிறது. பூங்குழலியின் முகம் தெரிய வேண்டுமானால் ஜன்னல் பக்கம் கொண்டு போக வேண்டும்.